பொட்டு வைத்த ஜேம் போத்தல்கள்

2003 ஆகஸ்ட் 12, செவ்வாய்

இராஜம் அக்கா இன்று ஜெலியை ருசி பார்த்துவிட்டார். போத்தல் கழுவ வந்த மனுஷி, கழுவுவதற்கு முன்னால் விரலை விட்டு ஒரு வாய். "சீனி காணாது புள்ள" என்று தீர்ப்பு வேறு. அக்கா, அது செடிக்குச் செய்த சாப்பாடு, அதில் குருத்து வருகிற மருந்து கலந்திருக்கிறது என்றேன். அதன்பிறகு பகல் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவித் தடவிப் பார்த்தார், எங்கேயாவது துளிர்க்கிறதா என்று.

இந்த லட்சணத்தில் இது ஒரு ஆய்வுகூடம், லெப். மூடிப்போன தேயிலை பெக்டரியின் மேல்மாடி. முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில் இப்போது ஒரு கண்ணாடி அறை, ஏசி, வெள்ளை லைட், தட்டுத் தட்டாக ஜேம் போத்தல். ஒவ்வொரு போத்தலிலும் விரல்நகம் அளவு செடி. நாங்கள் இருக்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லாரிடமும் அம்மா சொல்லி வைத்திருப்பது: "எம் மக விஜயகலா ஜேம் கொம்பனியில இருக்கா." திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

நுஹ்மான் சார் கொழும்பிலிருந்து வந்தார். லெப்புக்குப் பெரியவர் அவர்தான். சிரித்த முகம். இன்று சிரிக்கவில்லை.

"ஜனவரியில டைரக்டர்மார் வாராங்க. மண்ணுல நிக்கிற ஒரு வெனிவெல் கன்றாவது காட்டணும். இல்லாட்டி கதவப் பூட்டச் சொல்லிட்டாங்க."

வெனிவெல் என்றால் காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு அவிக்கிறோமே, அதே மஞ்சள் கட்டை. கலவானைப் பக்கம் காட்டோரமாக வெட்டி வெட்டி இப்போது கொடியையே காணோம். அதனால்தான் கொம்பனி போத்தலில் வளர்க்கப் பார்க்கிறது. போத்தலில் குருத்து விடும். வேர் மட்டும் விடவே விடாது. வேர் இல்லாததை மண்ணில் வைத்தால் அது செடி இல்லை, கீரை.

எனக்கும் ஜனவரிதான் கெடு. அம்மாவுக்கு ஜனவரியோடு கொழுந்து பறிக்கிற வேலைக்கு வயசு முடிகிறது. வீட்டில் ஒருத்தர் பேராவது தோட்டத்தில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஒற்றை அறை வீடு, அந்த லயத்துக் காம்பரா, கைமாறிவிடும். நான் இங்கே கெஷுவல். நிரந்தரமாக்கினால் தோட்டத்து ஸ்டாஃப் கணக்கில் வருவேன், காம்பரா தப்பும். லெப்பைப் பூட்டினால் பெப்ரவரியில் அம்மாவின் கூடை என் தலையில். ஏ.எல். பரீட்சையில், பயோ பிரிவில் முக்கி முக்கி மூன்று 'எஸ்' பாஸ் எடுத்தது மலையில் அட்டைக்கு இரத்தம் கொடுக்கவா?

செப்டம்பர் 3, புதன்

சார் பேராதனைக்குப் போயிருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் நான் கொஞ்சம் மூளையைப் பாவித்தேன்.

எங்களிடம் இரண்டு மருந்து. பி.ஏ.பி. என்பது குருத்து மருந்து. ஐ.பி.ஏ. என்பது வேர் மருந்து. துளித் துளியாகத்தான் போட வேண்டும் என்று சார் உயிரை வாங்குவார். எனக்கு ஒரு யோசனை: செடி சவலையாக இருப்பதால்தான் வேர் விடவில்லை. முதலில் தின்ன வைத்துத் தேற்றுவோம். தேயிலைக்கு உரம் போட்டால் கொழுந்து அள்ளிக்கொண்டு வருகிறதில்லையா? குருத்து மருந்தை இரண்டு மடங்காக்கிவிட்டேன்.

ஏ.எல். வீண்போகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

கோலிஃபிளவர்.

வேறு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு போத்தலிலும் பச்சையாக ஒரு குட்டிக் கோலிஃபிளவர். இலை இல்லை, தண்டு இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக நூறு குருத்து. சார் ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். வைத்தார்.

"என்னத்தப் போட்டீங்க புள்ள?"

சொன்னேன்.

"குருத்து மருந்து கூடினா வேருக்கு வழியே இல்ல. ரெண்டும் தராசு மாதிரி."

திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். இராஜம் அக்கா மட்டும் எட்டிப் பார்த்து, கறி வைக்கலாமா என்று கேட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

கோலிஃபிளவர்களைப் பிய்த்துப் பிய்த்து வேர் மருந்து ஜெலியில் நட்டோம். கழுத்து வலி. சாரும் கூடவே உட்கார்ந்து நட்டார், சிங்களப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு. செடிக்குப் பாட்டுப் பிடிக்குமாம். இந்தக் குரல் பிடிக்குமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

வேர் இல்லை. அடி கறுக்கிறது.

நாளைக்கு ஆயுத பூசை. தம்பையா மாமா காலையிலிருந்தே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிறார். பெக்டரி ஓடிய காலத்தில் எஞ்சின் ரூமில் இருந்தவர். இப்போது எங்கள் வாட்ச்சர். மெயின் சுவிட்ச் அறைச் சாவி அவர் இடுப்பில்தான்.

"பெக்டரின்னா ஆயுத பூசை இல்லாம இருந்ததே இல்ல சார். மெசினுக்கு மரியாத செய்யாமத்தான் வேர் வராம மல்லுக்கட்டுது."

சார் பெரிய மனசுக்காரர். "செய்ங்க, செய்ங்க. போத்தலுக்குச் சந்தனம் வெச்சா வெளிப்பக்கம் மட்டும். மூடியத் தொட வாணாம்." சொல்லிவிட்டு மருந்து வாங்கக் கொழும்புக்கு பஸ் ஏறினார். வியாழக்கிழமைதான் வருவாராம்.

அக்டோபர் 4, சனி

பூசை அமோகம். போத்தல் அவிக்கிற பெரிய குக்கருக்கு முப்பட்டை விபூதி. மைக்ரோஸ்கோப்புக்கு மாலை. ஜேம் போத்தல் ஒவ்வொன்றுக்கும் விபூதி பூசிச் சந்தனப் பொட்டு. வரிசையாகப் பார்த்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி இருந்தன. எனக்கே சிரிப்பு வந்தது. வாசலில் மாமா பூசணிக்காய் உடைத்தார், அரைவாசி இராஜம் அக்கா வீட்டுக்குப் போனது.

அவல் கடலையில் நான் மெய்மறந்த நேரம் மாமா சாம்பிராணியைக் கண்ணாடி அறைக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார். தூசி ஒரு பொட்டு போகக்கூடாத அறை! வெளியே இழுத்து வந்தேன். அவரோ சாவகாசமாக மெயின் சுவிட்சை இறக்கினார். லைட், ஏசி, ஃபேன் எல்லாம் அவுட்.

"மாமா! செடிக்கு வெளிச்சம் வேணும்!"

"ஆயுத பூசையண்டைக்கு ஆயுதத்தத் தொடலாமா? இதுகளும் ஒரு நாளு கண்ணசரட்டும். நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரம் பாத்து நானே போட்டு விடுறேன்."

சுவிட்ச் அறை, கண்ணாடி அறை இரண்டையும் பூட்டி, பூட்டின்மேல் எலுமிச்சம்பழமும் வைத்தார். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

இருட்டு.

தம்பையா மாமாவைக் காணோம். எம்பிலிப்பிட்டியவில் தங்கச்சி மகள் பெரியவளாகிவிட்டாளாம், சேதி வந்ததும் சனிக்கிழமை சாயங்காலமே தாய்மாமன் சீரோடு ஓடிவிட்டார். சாவி? இடுப்பில். இடுப்பு? எம்பிலிப்பிட்டியவில்.

சுத்தியலைத் தூக்கினேன். இராஜம் அக்கா குறுக்கே பாய்ந்தார். "பூச போட்ட பூட்ட ஒடைச்சா கை வெளங்குமா? வெளங்காத கைய வச்சிக்கிட்டு எவன் ஒன்ன கட்டுவான்?"

நான் படித்தவள். இதையெல்லாம் நம்புவதில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எம்பிலிப்பிட்டிய பஸார் கடை ஒன்றுக்கு ஃபோன் போட்டுச் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது: "தண்ணி ஊத்தி முடிச்சிட்டு வாறேன். பலகாரம் கொண்டு வாறேன்."

அக்டோபர் 9, வியாழன்

சாரும் மாமாவும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமா கையில் பலகாரப் பெட்டி. சார் கையில் மருந்துப் பெட்டி. வழியெல்லாம் சடங்குக் கதை பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள், லெப் ஐந்து நாளாகச் செத்துக் கிடப்பதை மாமா மறந்தே போய்விட்டார்.

கண்ணாடி அறையைத் திறந்தால் வேக்காடு. பெரும்பாலான போத்தல்களில் பூஞ்சை. வெள்ளை, கறுப்பு, ரோஸ் கூட. சார் "யா அல்லாஹ்" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லாம் போச்சு. காம்பரா போச்சு. கொஞ்ச நேரம் கழித்து சார் மெதுவாகக் கேட்டது என்ன தெரியுமா? "தம்பையா, மருமகள் சொகமா?"

இந்த மனுஷனை என்ன செய்வது. தப்பிய ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்தோம்.

அக்டோபர் 27, திங்கள்

வேர்!!

தப்பிய தட்டில்தான். ஒன்று, இரண்டு இல்லை, பாதிக்கு மேல். வெள்ளையாக, பயறு முளைத்த மாதிரி. நான் போட்ட சத்தத்தில் இராஜம் அக்கா போத்தல் ஒன்றைக் கீழே போட்டார். சாருக்கு இன்று முதல் நோன்பு. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போய்ச் சைகையிலேயே சந்தோஷப்பட்டார்.

தம்பையா மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நான் என்ன சொன்னேன்?"

அக்டோபர் 29, புதன்

எதனால் வந்தது? இது தெரியாமல் மறுபடி செய்ய முடியாது. சந்தேகம் இருட்டின் மேல். ஆனால் சந்தனமும், புகையும், சரஸ்வதியும்கூடப் பட்டியலில் இருப்பதாகச் சார் சொல்கிறார். அவர் சொன்னதுதான், நான் இல்லை. விஞ்ஞானம் என்றால் யாரையும் சும்மா ஒதுக்கக் கூடாதாம்.

ஆக மூன்று தட்டு. ஒன்றுக்கு விபூதி, வெளிச்சம். ஒன்றுக்கு இருட்டு மட்டும், விபூதி கிடையாது. ஒன்றுக்கு விபூதியும் இல்லை, இருட்டும் இல்லை. லேபல் ஒட்டினேன்: 'பூசை', 'இருட்டு', 'சும்மா'. தம்பையா மாமா 'சும்மா' தட்டைப் பார்த்த பார்வையே சரியில்லை.

நவம்பர் 20, வியாழன்

'இருட்டு' தட்டில் வேர். 'பூசை'யில் இல்லை. 'சும்மா'விலும் இல்லை. சார் துள்ளிக் குதித்தார். அப்போது நான் 'சும்மா' தட்டைத் தூக்கினேன். போத்தலின் அடியில் விபூதி. 'இருட்டு' தட்டைத் தூக்கினேன். அதிலும் விபூதி.

"மாமா!"

"பாவம்மா. ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு வைக்காம விட்டா அதுங்க மனசு என்ன பாடுபடும்? எல்லாத்துக்கும் வச்சிட்டேன்."

சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இருபது நாள் வேலை. எனக்கு முதலில் கோபம், பிறகு பொறி தட்டியது. எல்லாத் தட்டுக்கும்தானே விபூதி? வெளிச்சத்தில் இருந்ததற்கும் விபூதி, வேர் இல்லை. இருட்டில் இருந்ததற்கும் விபூதி, வேர் உண்டு. அப்படியென்றால் வித்தியாசம் இருட்டு மட்டும்தானே?

சார் நிமிர்ந்து பார்த்தார். "புள்ள, நீங்க விஞ்ஞானி."

சாகும்வரை மறக்கமாட்டேன். மாமாதான் விடவில்லை. "விபூதி இல்லாத இருட்டுல வேர் வருமான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இரண்டு விஞ்ஞானிகளும் வாயை மூடிக்கொண்டோம்.

டிசம்பர் 8, திங்கள்

வேர் விட்டதையெல்லாம் மண்ணுக்கு மாற்றினோம். பொலித்தீன் கூடாரம், பூவாளித் தண்ணீர், ராஜ உபசாரம்.

டிசம்பர் 15, திங்கள்

அழுகல்.

டிசம்பர் 19, வெள்ளி

நத்தை.

டிசம்பர் 23, செவ்வாய்

இராஜம் அக்காவின் கோழி. அக்கா பரிகாரமாக அந்தக் கோழியையே கறி வைத்துக் கொண்டு வந்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

ஒன்றே ஒன்று நிற்கிறது. ஆறு இலை, நுனியில் இளம்பச்சைக் குருத்து. அக்கா அதற்கு 'ஒத்தப்புள்ள' என்று பேர் வைத்திருக்கிறார். சார் போகும்போதும் வரும்போதும் ஸலாம் சொல்கிறார்.

2004 ஜனவரி 15, வியாழன். தைப்பொங்கல்

 எழுதியே ஆக வேண்டும்.

அம்மா பொங்கலோடு லெப்புக்கு வந்தாள். முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை, இந்த அம்மாவுக்கு ஒரு தடவையாவது ஜேம் இல்லை என்று காட்டலாமே என்று. ஒத்தப்புள்ளையிடம் கூட்டிப்போனேன். சாரும் பின்னாலேயே வந்தார். "இதுதாம்மா. இது ஒண்ணுக்குத்தான் இவ்வளவு பாடு. அடுத்த வியாழன் டைரக்டர்மார் பாக்க வாராங்க."

அம்மா குனிந்து பார்த்தாள். "அட, நல்ல கொழுந்தா இருக்கே" என்றாள்.

டிக்.

கிள்ளிவிட்டாள். நுனிக் குருத்தை. கிள்ளியது மட்டுமா, பழக்கத்தில் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசியும் விட்டாள் — முதுகில் இல்லாத கூடைக்குள். அது போய் நுஹ்மான் சாரின் சட்டைப் பையில் விழுந்தது.

 அம்மா தன் விரலைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். "ஐயையோ. கை தன்னால போயிருச்சிடி."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "மலையில கிள்றது பத்தாதா? எங்க போனாலும் அந்தக் கொழுந்து புத்தி போகாதா ஒனக்கு?" என்று கத்தினேன். எல்லார் முன்னாலும். அம்மா பொங்கல் சட்டியை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சார் கவிழ்த்து வைத்த பூச்சட்டிமேல் உட்கார்ந்து பையிலிருந்து குருத்தை எடுத்துப் பார்த்தார். இராஜம் அக்கா நூலால் கட்டிப் பார்க்கலாம் என்றார். சார் அரை நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். பிறகு குருத்தைக் கழுவி மறுபடியும் போத்தலில் போட்டோம். போத்தலுக்குள் இருப்பதைக் காட்டி என்ன பிரயோசனம்?

ஜனவரி 18, ஞாயிறு

அம்மா பேசவில்லை. சோறு போட்டு வைக்கிறாள், பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு காம்பராவுக்குள் இரண்டு பேர் முட்டிக்கொள்ளாமல் கோபித்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஜனவரி 22, வியாழன்

வந்தார்கள். இரண்டு இளசு, ஒரு கிழவர். கிழவர் அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் பெரிய தொரையாக இருந்தவராம். நேரே மொட்டைச் செடி முன்னால் போய் நின்றார். "மே கவுத கெடுவே?" கிள்ளியது யார் என்று சிங்களத்தில் கேள்வி.

மாமா கூரையைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். "மகே அம்மா, சார்" என்றேன். என்னுடைய அம்மா. சொல்லும்போது ஏனோ வெட்கம் வரவில்லை, வீம்புதான் வந்தது.

கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னும் கிட்டக் குனிந்தார். குனிந்தபடியே சிரித்தார். இலைக்கக்கத்தில் இரண்டு மொட்டு முட்டிக்கொண்டு நின்றன. பச்சை மிளகு அளவு. நான் பார்க்கவே இல்லை. கோபத்தில் செடிப் பக்கமே போகவில்லை. தேயிலைக் கன்றையும் இப்படித்தானே நுனி கிள்ளிப் படர விடுவோம் என்று இளசுகளுக்குச் சொன்னார்.

அப்போதுதான் நுஹ்மான் சாருக்கு நாக்கு வந்தது. நுனியில் ஊறுகிற மருந்து கீழே இறங்கிப் பக்கத்து மொட்டுகளைத் தூங்க வைக்கும், நுனி போனால் அவை விழித்துக்கொள்ளும் என்று கடகடவென்று பிரசங்கம். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் கேட்டேன்: "இது ஒங்களுக்கு முந்தியே தெரியுமா சார்?"

"மொத பாடம் புள்ள. கவலையில மறந்துட்டேன்."

அவர்கள் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. பார்ப்போம் என்று போய்விட்டார்கள்.

ஜனவரி 30, வெள்ளி

கொழும்பிலிருந்து பதில் இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றார். நாளையோடு அம்மாவுக்கு முடிகிறது, யார் பேரைப் பதிய?

எழுந்தேன். என் பேரைப் போடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அம்மா. பதினைந்து நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள், அதுவும் என்னிடம் இல்லை.

"அவ பேரு வேணாங்கய்யா. அவளுக்குக் கொழுந்தும் தெரியாது முத்தலும் தெரியாது, ஒங்களுக்குத்தான் நட்டம். நான் இன்னும் ரெண்டு மாசம் மலை ஏறுறேன். தொரைகிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

எப்போது போய்க் கேட்டாள்? முழங்கால் வீங்கிப்போய்த் தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்கிறவள். நான் சமையல் பக்கம் போய் அடுப்பை ஊதுகிற மாதிரி அழுதேன். அடுப்பில் நெருப்பே இல்லை.

பெப்ரவரி 27, வெள்ளி

நிரந்தரம்! கொம்பனி ஆயிரம் கன்று கேட்டிருக்கிறது. மார்ச் முதலாம் திகதியிலிருந்து நான் ஸ்டாஃப். தம்பையா மாமா குக்கருக்குத் தேங்காய் உடைத்தார். மெயின் சுவிட்சைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மே 8, சனி

அம்மா எங்கள் கன்று நேர்சரிக்கு வந்தாள். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான். எத்தனை தடவை கூப்பிட்டும் முழங்கால், மழை, தலைவலி என்று ஏதாவது சொல்லி நழுவிக்கொண்டிருந்தவள், இன்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கூடாரம் முழுக்கக் கன்றுகள். வாசலோடு நின்றுவிட்டாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கிட்ட வரல. இங்கயே நின்னு பாத்துக்கிறேன்."

"கைய எடும்மா. ஆறு இலை வந்ததெல்லாம் இன்னிக்கு நுனி கிள்ளணும். சார் சொல்லிட்டாரு."

"நெசமாவா?"

"நெசமா."

நம்பாமல் சாரைப் பார்த்தாள். சார் தலையை ஆட்டினார். முந்தானையிலிருந்து ஒரு கை மட்டும் வந்தது. அம்மா குனிந்து முதல் கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கிள்ளினாள். இந்தத் தடவை பின்னால் வீசவில்லை. நுனிக் குருத்தை என் உள்ளங்கையில் வைத்து, "கசக்கிறாத" என்றாள்.

அவள் அடுத்த கன்றுக்குப் போனாள். நான் குருத்துக்குப் போத்தல் எடுக்க உள்ளே போனேன்.